ஏப்ரல் எட்டாம் தேதியின் பின்பக்கம்

வாசகர்கள் அனுப்பும் அஞ்சலட்டைகளைக் குஜிராய் தெய்ஜி கழிப்பறையில் உட்கார்ந்துதான் படிப்பார். அவற்றுக்கு அதற்கு மேல் மரியாதை தேவையில்லை என்பது அவருடைய கருத்து. பத்திரிகையிலிருந்து நாகாத்தோ என்ற முப்பது வயது உதவியாசிரியன் வியாழக்கிழமைதோறும் டிராம் ஏறி வந்து, அடுத்த வாரத்துக்கான ஏழு படங்களை வாங்கிக்கொண்டு போவான். வரும்போது ரப்பர் வளையம் போட்ட அட்டைக் கட்டு ஒன்றைக் கொடுப்பான். முன்பு அந்தக் கட்டு செங்கல் பருமன் இருக்கும். இந்த முறை ஆறே அட்டைகள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவர் தினமும் வரையும் படக்கதையான ஹொட்டா குடும்பத்தைப் பார்த்த பிறகுதான் தனக்குக் காலைத் தேநீர் இறங்குகிறது என்று எழுதியிருந்தார். ஒரு பெண்மணி பூனையை இன்னும் அடிக்கடி வரையும்படி கேட்டிருந்தாள். ஹொட்டா வீட்டில் பூனையே கிடையாது. அது வேறு பத்திரிகையின் பூனை. இருபத்தெட்டு வருடமாக இந்த ஜனங்களுக்காகத்தான் பேனா பிடிக்கிறோம் என்று நினைத்து மூக்கால் சிரித்தார். ஆறாவது அட்டையைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"பிப்ரவரி மூன்றாம் தேதி வந்தது பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதே தேதியில் வந்த படம். ஏப்ரல் எட்டாம் தேதியைப் பற்றிப் பேச வேண்டும். கடைக்கு வர முடியுமா? பத்து மணிக்கு முன்பு வேண்டாம், வேலை இருக்கும். ஹொசோகி மிட்சுயோ." கீழே, சடங்குகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி செய்து அனுப்பும் ஒரு கடையின் முத்திரை. பாராட்டு ஒரு வரிகூட இல்லை.

நான்கு கட்டப் படக்கதை என்பது கடிகாரம் மாதிரி ஒரு சின்ன இயந்திரம். ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு பெட்டிகள். முதல் பெட்டியில் ஒரு விஷயம் தொடங்க வேண்டும். அப்பா மழையில் குடையோடு கிளம்புகிறார். இரண்டாவதில் அது நடக்க வேண்டும். அதாவது ஒன்றும் ஆகக்கூடாது. மூன்றாவதில் திரும்ப வேண்டும். திரும்புவது என்றால் வாசகன் பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து அவன் கழுத்தை மெல்லப் பிடித்து வேறு பக்கம் திருப்புவது. நான்காவதில் உட்கார வேண்டும், கிண்ணத்தில் மூடி உட்காருவது போல. சிரிப்பு நான்காவதில் வருகிறது என்று ஊர் நினைக்கிறது. அது பிறப்பது மூன்றாவதில். இதைப் புரிந்துகொள்ளக் குஜிராய்க்கு ஆறு வருடம் ஆயிற்று. அடுத்த பத்து வருடம் ஒவ்வொரு நாளும் ஒரு மூன்றாவது பெட்டியைத் தேடி எடுத்தார். அதற்குப் பிறகு, தேடினாலும் தேடாவிட்டாலும் யாரும் வித்தியாசம் காணவில்லை என்பதையும் புரிந்துகொண்டார்.

அதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் பத்திரிகையின் தொலைபேசிகள் அவருக்காக அலறியது ஒரே ஒரு நாள். அவசரத்தில் ஹொட்டாவின் குளியல் அங்கியை மாற்றி மடித்து வரைந்துவிட்டார். வலது பக்கம் மேலே வந்துவிட்டது. அப்படி மடிப்பது பிணத்துக்கு. காலை ஏழு மணியிலிருந்து நாற்பது பேர் அழைத்து, ஹொட்டா-சான் இறந்துவிட்டாரா என்று கேட்டார்கள். அன்றைய மூன்றாவது பெட்டி அவர் வாழ்க்கையிலேயே தேறின ஐந்தாறில் ஒன்று. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இவர்கள் பார்ப்பது அங்கியின் மடிப்பைத்தான், படத்தை அல்ல என்று அன்றைக்கே முடிவுகட்டினார்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பரில், புத்தாண்டுக்கு வரைய அவரிடம் ஒன்றுமே இல்லை. பழைய கட்டுகளைப் புரட்டினார். வருடங்களுக்கு எலி, மாடு, புலி என்று பன்னிரண்டு விலங்குகள்; பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே விலங்கு திரும்பி வரும். வரப்போவது பாம்பு வருடம். பன்னிரண்டு வருடம் பின்னால் போனால் அங்கேயும் பாம்பு. படத்தைப் புதுத் தாளில் திரும்ப வரைந்தார். சுவரில் பாம்பு நாட்காட்டி அப்படியே இருந்தது, மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பழைய மடக்குக் கைப்பேசியின் மூடியை எடுத்துவிட்டார், ஹொட்டாவின் வாயிலிருந்த சிகரெட்டை அழித்தார். தபால் வந்தது, பாராட்டி. அந்த நிமிடத்தில் அவர் நெஞ்சில் கடைசியாக மிச்சமிருந்த பயமும் போய், அந்த இடத்தில் தெளிவான, குளிர்ந்த ஓர் இளப்பம் குடியேறியது. அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டு வருடம் பின்னால் போய் அன்றைய தேதியை எடுத்துக்கொண்டார். ஆயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேசையில் முக்கால் மணி நேர வேலை, பிறகு குதிரைப் பந்தயம்.

இப்போது ஓர் அட்டை. அதுவும் மூடாத அட்டை, யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். ஏப்ரல் இறுதியில் ஒப்பந்தம் முடிகிறது. ஹொட்டா குடும்பத்தை வைத்துக்கொள்வதா, இணையத்தில் தவளைகளை வரையும் ஒரு பெண்ணுக்கு அந்த இடத்தைக் கொடுப்பதா என்று மேலே பேச்சு நடக்கிறது. மேலே பரிந்துரைக் குறிப்பு எழுத வேண்டியவன் நாகாத்தோ. அவன் இதைப் படித்திருந்தால் கதை முடிந்தது. படித்திருக்க மாட்டான் என்று குஜிராய் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அந்தப் பொடியன் தான் கொண்டுபோகும் படங்களையே படிப்பதில்லை. இந்தப் பெண்பிள்ளையை மட்டும் வாயடைத்தால் போதும். அதற்கு வழி தெரியும்: கையெழுத்திட்ட ஓர் அட்டைப் படம், ஒரு பெட்டி இனிப்பு, ஐந்து நிமிடப் பணிவு. ரசிகைகள் அதில் உருகிவிடுவார்கள்.

பத்தரை மணிக்குப் போனார். பனியும் மழையும் கலந்து கொட்டியது. கடை என்றால் கடை அல்ல, தெருவோரத்துச் சமையற்கூடம். நீராவியில் அவருடைய மூக்குக்கண்ணாடி மூடிவிட்டது. துடைத்துப் போட்டபோது, நீளமான எஃகு மேசையைச் சுற்றி மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். சுருட்டிய முட்டைகளை ஒரே அளவில் வெட்டிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோணலான நுனித் துண்டுகள் பெட்டிக்குப் போகாது. வெட்டின வேகத்திலேயே அவற்றை வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே வேலை பார்த்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட, அறுபது தாண்டிய, தோள் அகன்ற ஒருத்தி திரும்பினாள்.

"சென்செய் வந்துட்டாரு," என்றாள், ஆசான் என்னும் அந்த மரியாதைச் சொல்லைக் காய்கறி வந்துவிட்டது என்பது போல உச்சரித்து.

"இவர்தானா, மொதலாளியம்மா?" இளையவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "படத்துல இருக்கற ஆளு மாதிரி இருப்பாருன்னு நெனச்சேன். தலையில முடியாவது இருக்கும்னு."

மிட்சுயோ அவர் நீட்டிய கையெழுத்துப் படத்தை வாங்கி, வணங்கி, சுற்றுமுற்றும் பார்த்தாள். "இங்க எங்க வெச்சாலும் நீராவி அடிக்கும்," என்று சொல்லி அதைக் குளிர்பெட்டியின் தலையில் படுக்கவைத்தாள். இனிப்பை உடனே பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவருக்கு ஒரு முக்காலி. குஜிராய் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீண்ட நாள் வாசகர்களின் அன்பு எவ்வளவு பெரிய பலம் என்று தொடங்கினார்.

"வாசகர்னு சொல்லாதீங்க, சங்கடமா இருக்கு," என்றாள். "நான் வெட்டி வெக்கறது உங்களை இல்ல. பின்னாடி இருக்கறவங்கள."

சுவரோரம் இரும்பு அலமாரி. மாதவாரியாகப் பெட்டிகள். ஒன்றை உருவி மேசையில் வைத்தாள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் பத்திரிகைத் துண்டுகள். எல்லாம் ஒரே அளவு, நீளவாக்கில். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, தெரு, சடங்கு நடக்கும் இடம். அது இரங்கல் பத்தி. பத்திரிகையில் அது எந்தப் பக்கம் வருகிறது என்று குஜிராய் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார், ஒரு துண்டைத் திருப்பினார். ஹொட்டா குடும்பம். இன்னொன்றைத் திருப்பினார். ஹொட்டா குடும்பம். ஒரே தாளின் ஒரே மூலை. முன்னால் அவர், பின்னால் செத்தவர்கள்.

அவள் சொல்லச் சொல்ல அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது விளங்கியது. குடும்பங்கள் நினைவுச் சடங்கை மறந்துவிடும். அதனால் இரண்டு மாதம் முன்பே இவள் துண்டை எடுத்துப் பார்த்து, இந்த வருடம் உங்கள் தகப்பனாருக்கு ஏழாவது, உங்கள் அத்தைக்குப் பதின்மூன்றாவது, சாப்பாட்டுக்கு எங்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று அட்டை போடுவாள். பாதி வியாபாரம் அதில்தான். இறந்த நாளையே முதலாவது என்று எண்ணுவதால் பதின்மூன்றாவது சடங்கு வருவது சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து. ஆகையால் இந்த அறையில், ஒவ்வொரு நாளும், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய துண்டு ஒன்று வெளியே வருகிறது. பின்பக்கம் மேலே பார்க்க மேசையில் கிடக்கிறது. சடங்கு வராத வேறோர் எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தால், பதினொன்று, பதினான்கு, அவர் தப்பித்திருப்பார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார்.

"இந்தத் தெருவுலயா? மீன்கடைக்காரருக்கு, முடி வெட்டறவருக்கு, கோயில்ல சாமியாருக்கு. எல்லாருக்கும்தான்."

"காலைல பந்தயம் வெப்போம் சென்செய்," என்றாள் இளையவள், கத்தியை நிறுத்தாமல். "பழசைப் பார்த்துட்டு, இன்னிக்கு நீங்க எதை மாத்தியிருப்பீங்கன்னு சொல்லணும். தோத்தவ டப்பாக் காப்பி வாங்கணும். டெலிபோனு, பஸ் கட்டணம், சிகரெட்டு. போன வாரம் ரெண்டு நாள் நீங்க ஒண்ணையுமே மாத்தல. பந்தயமே விழல. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவருக்கு முன்னால், நேருக்கு நேர், அவர் படத்தைப் பற்றி மனிதர்கள் சிரிப்பதை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"அப்ப ஏன் யாரும் பத்திரிகைக்குச் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? அதே இடத்துல அதே படம் கிடக்குது. யாருக்கு என்ன நஷ்டம்?" மிட்சுயோ யோசித்தாள். "நாங்களும் வருஷம் பூரா அதே சாப்பாட்டைத்தான் போடறோம். என்ன, நாங்க அன்னன்னிக்குச் சமைக்கறோம்."

அவர் இத்தனை வருடம் மேலிருந்து கீழே பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தார். துப்பியதெல்லாம் எங்கே விழுந்தது என்று இப்போது தெரிந்தது. எங்கேயும் விழவில்லை. கீழே இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, மழை என்று நினைத்துக்கூட ஒதுங்கவில்லை.

மிட்சுயோ தனியாக வைத்திருந்த ஓர் உறையைக் கொண்டுவந்தாள். ஹொசோகி தகாஹிரோ, ஐம்பத்தொன்று, உணவுக் கடை உரிமையாளர். அவளே திருப்பினாள்.

பார்க்காமலே அவருக்கு அந்தப் படம் தெரியும். செர்ரிப் பூ காலம். முதல் பெட்டியில் ஹொட்டா விடியற்காலையிலேயே பூங்காவுக்குப் போய், அலுவலகத்து ஆட்களுக்காக மரத்தடியில் நீலத் தார்ப்பாயை விரித்து இடம் பிடிக்கிறார். இரண்டாவதில் காத்திருந்து தூங்கிப்போகிறார். மூன்றாவதில் காற்று தார்ப்பாயைப் புரட்டி அவர்மேல் போர்த்திவிடுகிறது. நான்காவதில் சகாக்கள் வந்து, நல்ல வேளை, மேடு தட்டின வசதியான இடம் என்று அவரைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கிறார்கள். வரையும்போது அவரே சிரித்த ஒரே படம். பத்தாயிரத்தில் ஒன்று. ஏப்ரலில் அதைத் திரும்பப் போட்டால் மேலே இருப்பவர்கள் ஒரு கணம் யோசிப்பார்கள் என்று அவர் ஜனவரியிலிருந்து காத்திருந்தார்.

"இது நல்ல படம்," என்றார், தன்னையறியாமல்.

"நல்ல படம்தான். அதான் கஷ்டம்." அவள் மேசையைத் துணியால் துடைத்தாள், சுத்தமாக இருந்த இடத்தையே. "அன்னிக்குக் காலைல அவரை உள்ள படுக்க வெச்சிருந்தோம். மூஞ்சி மேல வெள்ளைத் துணி. சுத்தி வீடு நிறைய ஆளுங்க, ராத்திரியிலருந்து குடிச்சுட்டு இருக்காங்க. பேர் சரியா போட்டிருக்கானான்னு பார்க்கப் பத்திரிகைய எடுத்தேன். திருப்பினேன். சிரிச்சுட்டேன் சென்செய். சத்தமா. நிறுத்த முடியல. மாமியார் பார்த்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் எட்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். சாகற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

மேசையில் வெட்டும் சத்தம் நின்றிருந்தது.

"இந்த வருஷம் அவருக்குப் பதின்மூணாவது. எட்டாம் தேதியே செய்யறோம். அவங்க அண்ணன், தங்கச்சி, எல்லாரும் வருவாங்க. எல்லார் வீட்டுலயும் இந்தப் பத்திரிகைதான். எவளாவது ஒருத்தி பழசைச் சொல்லுவா. அன்னிக்கு மட்டும் புதுசா ஒண்ணு வரைங்க. ஒரே ஒரு நாள்."

மிரட்டல் வரும் என்று அவர் காத்திருந்தார். மிரட்டலாக இருந்தால் பதில் வைத்திருந்தார்.

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா முடியாது. பத்திரிகைக்கெல்லாம் சொல்லப் போறதில்ல. உங்க இடத்துல வேற எதையாவது போட்டா எனக்கு என்ன?" அவரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள், மீன் வாங்கும்போது செவுளைப் பார்ப்பது போல. "உங்களால இன்னும் முடியுமான்னே எனக்குத் தெரியல. கேட்டுப் பார்ப்போம்னுதான் எழுதினேன்."

டிராமில் திரும்பும்போது அவளை ஊர்ப்பட்ட பெயர்களால் மனத்துக்குள் திட்டினார். முட்டை வெட்டுகிறவள். கோயில் சாப்பாட்டுக்காரி. அவர் வாழ்நாளின் ஒரே நல்ல படத்தை, பத்தாயிரத்தில் ஒன்றை, மைத்துனிகளின் வாய்க்குப் பயந்து கிழித்துப் போடச் சொல்கிறாள். ஆனால் மூன்றாவது நிறுத்தத்தில் வேறொன்று உறைத்தது. பிணம் கிடக்கும் வீட்டில், பார்த்துக்கொண்டிருக்கும் மாமியாருக்கு முன்னால், நிறுத்த முடியாமல் ஒருத்தி சிரித்திருக்கிறாள். அவருடைய மூன்றாவது பெட்டி செய்த வேலை அது. பாராட்டு அட்டைகள் எதிலும் அப்படி ஒன்றை யாரும் எழுதவில்லை.

மார்ச் முழுவதும் உட்கார்ந்தார். நான்கு பெட்டிகளைக் கோடு போட்டுவிட்டு வெறித்துப் பார்த்தார். ஹொட்டாவைக் கிளப்பினார், அந்த ஆள் எங்கே போனாலும் ஏற்கெனவே போன இடமாக இருந்தது. மகனைக் கொண்டுவந்தார், இருபத்தெட்டு வருடமாக ஐந்தாம் வகுப்பில் இருக்கும் அந்தப் பிள்ளை, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஹொட்டா வீட்டுத் தாத்தாவை நம்பி எதையும் தொடங்கவே முடியாது. தினம் நான்கைந்து தாள்களைக் கசக்கினார். ஊர் ஜனங்களின் மேல் இருந்த இளப்பமெல்லாம் வேலை தேடிக்கொண்டு மெல்ல மேசைக்குத் திரும்பி, தன் சொந்த விரல்களின் மேல் வந்து உட்கார்ந்தது. இந்த விரல்களுக்குத்தான் ஏதோ தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்று பார்த்தார். முதுமையில் புள்ளி விழுந்த, மை ஊறிய, மூன்று வருடமாகப் பிரதி எடுக்க மட்டுமே பழகிய விரல்கள். பாதுகாப்புக்காகத் தார்ப்பாய்ப் படத்தையும் திரும்ப வரைந்து, மையிட்டு, இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அது அழகாக வந்திருந்தது.

மார்ச்சின் கடைசி வியாழக்கிழமை, நாகாத்தோ வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஹொட்டாவின் மனைவியை வரைந்தார். அவள் எப்போதும் நான்காவது பெட்டியின் ஓரத்தில் தட்டோடு நிற்பவள். முதலில், பூப் பார்க்கக் கிளம்பும் குடும்பத்தின் கையில் அடுக்குப் பெட்டியைக் கொடுத்து வழியனுப்புகிறாள். இரண்டாவதில் கதவு மூடிய வீட்டில் தனியாக நிற்கிறாள். மூன்றாவதில் சமையலறைக்குப் போய், சட்டியின் பின்னால் ஒளித்துவைத்திருந்த ஒரு தட்டை எடுக்கிறாள்: சுருட்டிய முட்டையின் நுனிகள், மீனின் கருகிய ஓரம், அடிச்சோறு, பெட்டிக்குள் போகாத எல்லாம். நான்காவதில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அதைத் தின்கிறாள். அவள் முகத்தை ஐந்து தடவை மாற்றினார். இருபத்தெட்டு வருடம் ஒரே வளைகோடாக இருந்த வாய். மெல்லும்போது அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு கன்னத்தை மட்டும் உப்பவைத்து விட்டுவிட்டார். அது சிரிப்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நாகாத்தோ வந்து, காலணியைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று எண்ணினான். ஆறு தாள்களை எண்ணும்வரை பார்க்கவில்லை. ஏழாவதில் விரல் ஒட்டியது, மை காயவில்லை. தூக்கிப் பிடித்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது பழைய கட்டுல இல்லையே, சென்செய்," என்றான்.

குஜிராய்க்குக் காது சூடேறியது. "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாத்தையும் கணினியில ஏத்தினது நான்தானே."

"எப்பலருந்து?"

"முதல் ஜனவரியிலருந்து." அவன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரிபார்க்கறவங்களுக்கு வேலை மிச்சம்னு விட்டுட்டோம். எட்டாம் தேதி தார்ப்பாய் வரும்னு நெனச்சேன். மேல அனுப்பற குறிப்போட வெக்கலாம்னு இருந்தேன். வரையலையா?"

இழுப்பறை இரண்டடி தூரத்தில் இருந்தது. சொல்லியிருக்கலாம். "இல்ல," என்றார்.

"இதுல சிரிக்கணுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்துச் சொல்லு."

நாகாத்தோ ஆறு தாள்களை உறையில் போட்டான். ஏழாவதைப் போட முடியாது, மை இழுபடும். அதை இரண்டு கையாலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி வெளியே போனான். குஜிராய் மாடிக்கு ஏறினார்; இந்த வயதில் படிகளை இரண்டிரண்டாக ஏறினார். ஜன்னலில் மூச்சுப்படலம். கீழே டிராம் நிறுத்தத்தில் அந்தப் பொடியன் முதுகைக் காட்டி நின்றிருந்தான், தாளின் மேல் குனிந்தபடி. தோள்கள் ஒருமுறை குலுங்கின. காற்றும் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் நன்றாகப் பார்க்கச் சட்டைக் கையால் கண்ணாடியை அவசரமாகத் துடைத்தார். கையில் இருந்தது ஈர மை. கறுப்பாக, அகலமாக ஒரு கோடு கண்ணாடியின் குறுக்கே இழுபட்டு, சரியாக நாகாத்தோ நின்ற இடத்தை மூடியது. அவர் நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே டிராம் வந்து மணியடித்தது.